விரலின் தயக்கத்தை அளந்த பொறி

கணிப்பொறியின் விசைப்பலகை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதன் நடு வரிசையைத் தடவிப் பாருங்கள். எஃப், ஜே என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குரிய விசைகளின் மேல் மட்டும் சிறு வரப்புப் போன்ற மேடு ஒன்று விரலில் தட்டுப்படும். இரு கைகளின் ஆள்காட்டி விரல்களும் வந்து அமர வேண்டிய இடங்கள் அவை. எத்தனை தூரம் ஓடினாலும் விரல்கள் கண்ணின் உதவியின்றித் தம் வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக வைக்கப்பட்ட அடையாளக் கற்கள் என்று அவற்றைக் கூறலாம்.

விசைகளைப் பாராமல், எல்லா விரல்களையும் பயன்படுத்தி அடிக்கும் இந்தக் கலையைத் தொடுமுறைத் தட்டச்சு என்பர். இன்று பலரும் இதைக் கணிப்பொறியிடமிருந்தே கற்றுக்கொள்கின்றனர். திரையில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது, நாம் அடிக்கிறோம், சரியா தவறா என்று பொறி சொல்கிறது, நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று கணக்கும் காட்டுகிறது. ‘பயிற்சிப் புத்தகத்தில் இருந்த பாடம் திரைக்கு வந்திருக்கிறது, இதில் என்ன விந்தை?’ என்று நீங்கள் கேட்கலாம். புத்தகத்துக்கு இல்லாத ஓர் உறுப்பு இந்த நிரலுக்கு உண்டு. அது ஒரு கடிகாரம். எழுத்துத் தோன்றிய கணத்துக்கும் உங்கள் விரல் அழுத்திய கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை, அதாவது உங்கள் தயக்கத்தை, அது அளக்கிறது. அளந்ததைக் கொண்டு தன்னை மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. இந்த எண்ணம் வீட்டுக் கணிப்பொறி பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே உருவாகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலில் பொறியையும் விரலையும் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் தம் தோழர்கள் இருவருடன் சேர்ந்து 1868-இல் தட்டச்சுப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதைத் திருத்தி, துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் தொழிற்சாலை 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பொறியில் எழுத்துக் கம்பிகள் கீழிருந்து மேலெழும்பி, உருளையின் அடிப்பக்கத்தில் போய் மோதின. ஆகவே அடித்த வரியை அடித்தவரால் உடனே பார்க்க இயலாது. சில வரிகள் சென்ற பிறகுதான் பிழை கண்ணுக்குத் தெரியும். எழுத்தைப் பார்க்க வழியில்லாத அந்தக் காலத்தில் மக்கள் விசைகளையாவது பார்ப்போம் என்று எண்ணினார்கள் போலும்! இரண்டு விரல்களாலோ நான்கு விரல்களாலோ தேடித் தேடி அடிப்பதே வழக்கமாக இருந்தது.

சின்சினாட்டி நகரில் சுருக்கெழுத்துப் பள்ளி நடத்திய லாங்லி அம்மையார், எல்லா விரல்களையும் பயன்படுத்தும் முறையை 1882-இல் பாடமாக வெளியிட்டார். இது நடவாத செயல் என்று பலர் மறுத்தனர். வாதம் 1888 ஜூலை 25-ஆம் நாள், அதே சின்சினாட்டியில், ஒரு போட்டியில் வந்து நின்றது. ஒரு பக்கம் சால்ட் லேக் நகர நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெக்கரின். விசைப்பலகையை மனப்பாடம் செய்து, பாராமல் அடிப்பவர். மறு பக்கம் லூயி டிராப். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை கொண்ட காலிகிராஃப் பொறியில், விசைகளைப் பார்த்து அடிப்பவர். முதல் 45 நிமிடம் ஒருவர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். அடுத்த 45 நிமிடம் தாளைப் பார்த்து நகல் எடுக்க வேண்டும்.

இரண்டிலும் மெக்கரின் வென்றார். ஆனால் வெற்றியைவிட எண்கள்தாம் சுவையானவை. சொல்லக் கேட்டு அடித்தபோது மெக்கரினின் வேகம் நிமிடத்துக்கு 95 சொற்கள். நகல் எடுத்தபோது 98. டிராபுக்கோ முதலில் 83, பிறகு 71. ஒருவருக்கு ஏறுகிறது, மற்றவருக்கு இறங்குகிறது. காரணம் எளிது. காதால் கேட்கும்போது டிராபின் கண்கள் விசைகளைப் பார்க்க ஓய்வாக இருந்தன. நகல் எடுக்கும்போது அதே கண்கள் தாளுக்கும் விசைக்குமாக ஊசலாட வேண்டியிருந்தது. மெக்கரினின் விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை. கட்டுப்பாட்டுடன் செய்த ஓர் ஆய்வகச் சோதனைபோலவே அமைந்துவிட்ட போட்டி இது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இவை மீண்டும் தேவைப்படும்.

இனி விரலின் கணக்கு. தட்டச்சில் ‘ஒரு சொல்’ என்பது இடைவெளியையும் சேர்த்து 5 அடிகள் என்று கொள்வது மரபு. நிமிடத்துக்கு 60 சொற்கள் என்றால் 300 அடிகள், வினாடிக்கு 5, ஓர் அடிக்கு 0.2 வினாடி. விளக்கு ஒன்று எரிந்ததும் ஒரே ஒரு பொத்தானை அழுத்துவதற்கே நமக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. பல பொத்தான்களில் எது என்று தேர்ந்து அழுத்த இன்னும் கூடுதலாகும். அப்படியானால் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்து, எந்த விசை என்று முடிவு செய்து, பின் அழுத்துகிற முறையில் 60 சொற்களை எட்டவே முடியாது! தேர்ந்த தட்டச்சாளர் அப்படிச் செய்வதில்லை. ஒரு விரல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த விரல் தன் இடத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. கண் இன்னும் சில எழுத்துகள் முன்னே சென்றுவிடுகிறது. வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

இந்தப் படிவு எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் ஆராய்ந்தவர்கள் தட்டச்சை அல்ல, தந்தியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தியானா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பிரையன், தாமே தந்தியாளராகப் பணிபுரிந்த ஹார்ட்டர் ஆகிய இருவரும் 1897-இலும் 1899-இலும் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. பயிலும் ஒருவரின் வேகத்தை வாரந்தோறும் அளந்து வரைபடமாக வரைந்தபோது, செய்தி வாங்கும் திறன் சிறிது ஏறி, பிறகு பல வாரங்கள் அசையாமல் கிடந்து, மீண்டும் ஏறியது. தனித்தனி எழுத்தாகக் கேட்டவர் முழுச் சொல்லாகக் கேட்கத் தொடங்கும்போதுதான் அந்தச் சமவெளி முடிகிறது என்று அவர்கள் விளக்கினர். எல்லாருக்கும் இப்படி ஒரு சமவெளி வந்தே தீரும் என்பதைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. 1908-இல் வில்லியம் புக் என்பவர் தட்டச்சுப் பயிற்சியையே பொருளாகக் கொண்டு திறன் பற்றிய உளவியல் நூல் ஒன்றை எழுதினார். எப்படியாயினும் பயிற்சி என்பது அளக்கத்தக்க பொருள் என்பது நிலைபெற்றுவிட்டது.

அளப்பதைப் பொறியே செய்தால் என்ன? அமெரிக்காவில் சிட்னி பிரெஸ்ஸி 1920-களில் கேள்வி கேட்டு விடையைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றைச் செய்தார். 1950-களில் உளவியலறிஞர் ஸ்கின்னரின் போதனைப் பொறிகள் பெரும்புகழ் பெற்றன. பாடத்தை மிகச் சிறு படிகளாக உடைத்து, சரியான விடைக்கு உடனுக்குடன் ஊக்கம் தருவது அவர் வழி. அவருடைய பொறியில் மாணவன் தன் வேகத்தில் செல்லலாம். ஆனால் விரைந்து செல்பவனுக்கும் திணறுபவனுக்கும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். பொறி மாணவனைத் திருத்துகிறது. மாணவன் பொறியை மாற்றுவதில்லை.

அதை மாற்றியவர் ஓர் ஆங்கிலேயர். கார்டன் பாஸ்க் (1928-1996) கேம்பிரிட்ஜில் பயின்றவர். நாடக மேடையிலும் ஆர்வம் மிக்கவர். அங்கே கிடைத்த நண்பர் ராபின் மக்கின்னன் உட். இருவரும் 1950-களின் தொடக்கத்தில் ‘மியூசிக்கலர்’ என்றொரு பொறியைச் செய்தனர். இசைக்கலைஞர் வாசிக்க, ஒலிக்கு ஏற்ப வண்ண விளக்குகள் ஆடும். இது பெரிய புதுமையன்று. புதுமை எதுவென்றால், கலைஞர் ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தால் பொறிக்குச் சலித்துவிடும்! விளக்குகள் மெல்லச் செயலற்றுப் போகும். கலைஞர் புதிதாக ஏதேனும் வாசித்தால்தான் மீண்டும் விழித்துக்கொள்ளும். கலைஞர் பொறியை ஆட்டுகிறார். பொறி கலைஞரை ஆட்டுகிறது. பின்னூட்டம் என்று நாம் பாடநூலில் படிப்பது ஒருவழிப் பாதையாக இல்லாமல் இருவழிப் பாதையாக ஆகிவிடுகிறது.

இந்த எண்ணத்தைச் சோறு போடும் தொழிலொன்றில் புகுத்த அவர்களுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. அது துளை அட்டை. இக்காலத்து இளம் வாசகர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு ஆகிய எல்லாம் தடித்த அட்டைகளில் துளைகளாகப் பதியப்பட்டே பொறிகளுக்குள் சென்றன. ஹாலரித் வகை விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அட்டையில் அதற்குரிய இடத்தில் துளை விழும். அறை நிறைய, பெரும்பாலும் இளம் பெண்கள், மணிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு துளை இடம் மாறினால் யாரோ ஒருவரின் சம்பளம் மாறிவிடும். வேகமும் வேண்டும், பிழையும் கூடாது. ஊதியமோ குறைவு, பயிற்சியோ சலிப்பு மிகுந்தது.

இந்தப் பணியைக் கற்பிக்க பாஸ்க்கும் மக்கின்னன் உட்டும் 1956-இல் உருவாக்கிய பொறியின் பெயர் ‘சாகி’. ‘தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் விசைப்பலகை ஆசான்’ என்பதன் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகள் அவை. அதன் முன் நீங்கள் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓரிடத்தில், அடுத்து அடிக்க வேண்டிய எண் தோன்றுகிறது. அருகே, விசைப்பலகையின் அமைப்பைப் போலவே அடுக்கப்பட்ட சிறு விளக்குகள். எண்ணுக்குரிய இடத்தில் உள்ள விளக்குப் பளிச்சென்று எரிந்து, ‘இதோ இங்கே’ என்று வழிகாட்டுகிறது. விரல்களைக் குனிந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தொடக்கத்தில் எல்லா எண்களும் ஒரே சீராக, நிதானமாக வருகின்றன.

சிறிது நேரம் செல்கிறது. 3, 5 ஆகிய எண்கள் உங்களுக்குப் பழகிவிட்டன; 8 மட்டும் இன்னும் தடுமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். பொறி இதைக் கவனித்துவிடுகிறது. 3-க்கும் 5-க்கும் உரிய வழிகாட்டும் விளக்குகள் மங்கத் தொடங்குகின்றன; அவற்றுக்குத் தரப்படும் நேரமும் சுருங்குகிறது. 8 வரும்போது மட்டும் விளக்கு முன்போல் ஒளிவிடுகிறது. பொறி பொறுமையாகக் காத்திருக்கிறது. நாளடைவில் 8-உம் கைவந்து, விளக்குகள் எல்லாம் அணைந்து, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று 5-இல் ஒரு பிழை நேருகிறதா? அதன் விளக்கு மீண்டும் துளிர்க்கும். அதற்கான நேரம் மீண்டும் நீளும். நீச்சல் கற்பிப்பவர் குழந்தையின் வயிற்றின் கீழ் வைத்த கையை மெல்ல எடுத்து, அது முழுகப் பார்த்தால் உடனே தாங்கிப் பிடிப்பதை இது நினைவூட்டவில்லையா?

இத்தனையும் இன்றைய பொருளில் கணிப்பொறி இல்லாமலே நிகழ்ந்தது என்பதுதான் ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பெருவியப்பு. சாகி எண்களைக் கூட்டிக் கழிக்கும் பொறியன்று. அளவுகளை மின்னளவுகளாகவே ஏந்திச் செல்லும் ஒப்புமைப் பொறி. இத்தகைய பொறிகளில் நேரத்தை அளப்பது எப்படி என்று வியக்க வேண்டாம். ஒரு மின்தேக்கியை ஒரு மின்தடையின் வழியே மின்னேற்றினால் அதன் மின்னழுத்தம் நேரத்தோடு சேர்ந்து ஏறும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். எத்தனை நேரம் கழிந்தது என்பதை அந்த மின்னழுத்தமே கூறிவிடும். அதை ஒரு விளக்கின் பிரகாசத்தோடு இணைத்துவிட்டால் ‘தயங்கினால் ஒளி கூடுக’ என்ற ஆணை, ஆணை எழுதாமலே, சுற்றில் அமைந்துவிடுகிறது.

பாஸ்க்கின் கருத்தில் கற்பிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மாணவனைச் சலிப்புக்கும் திணறலுக்கும் நடுவிலே வைத்திருப்பது. பாடம் எளிதானால் மனம் அலையும். கடினமானால் கை சோரும். நடுவில் உள்ள அந்தக் குறுகிய பாதை ஆளுக்கு ஆள், எண்ணுக்கு எண், நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறுகிறது. முன்கூட்டியே எழுதி வைத்த எந்தப் பாடமும் அதைப் பின்தொடர முடியாது. பொறியின் தொடர் அமைப்பியலில் வல்லவரான ஸ்டாஃபோர்டு பீர் தாமே இதில் பயின்று பார்த்து, 1959-இல் வெளியான தம் நூலில் அதைப் பற்றி எழுதினார். பாஸ்க் பிற்காலத்தில் கற்றலையே ஓர் உரையாடலாகக் காணும் பெரும் கோட்பாடு ஒன்றை உருவாக்கினார். அதன் விதை, துளை அட்டை அறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் தயங்கும் விரலில் இருந்தது என்று நான் கருதுகிறேன். துளை அட்டைகள் பின்னர் வழக்கொழிந்தன. 

1970-களின் இறுதியில் வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபோது இந்த எண்ணம் வேறொரு வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே ‘டைப்பிங் டியூட்டர்’ என்ற நிரலை விற்றது. ஒவ்வொரு விசைக்கும் பயில்பவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணித்து, தேறிய எழுத்துகளை விட்டுத் தேறாத எழுத்துகளை மிகுதியாகத் தருவதே அதன் சிறப்பு. ஆப்பிள் 2 கணிப்பொறிக்குள் கடிகாரம் என்று தனி உறுப்பே இல்லை. நிரல் ஒரு சிறு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, எத்தனை சுற்றுச் சென்றது என்று எண்ணியே நேரம் அறிந்தாக வேண்டும். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் துடிப்பு எண்ணும் அமைப்பு உண்டு; ஆயினும் அதன் இயல்பான துடிப்பு வினாடிக்கு 18.2 முறைதான். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.055 வினாடி. நம் விரலின் அடிக்கு 0.2 வினாடி என்று பார்த்தோமே, அதில் மூன்று நான்கு துடிப்புகள்தாம் அடங்கும். சென்டிமீட்டர் கோடு மட்டும் உள்ள அளவுகோலால் விரல் நகத்தை அளப்பது போன்ற நிலை! நுட்பமாக அளக்க விரும்பிய நிரலர்கள் அந்தத் துடிப்பையே விரைவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே 1981-இல் ‘மாஸ்டர்டைப்’ என்னும் நிரல் பயிற்சியை விண்வெளிப் போராகவே மாற்றியது. நாற்புறமிருந்தும் எதிரிகள் வருகிறார்கள். அவர்களுக்குரிய சொல்லை அடித்தால் அவர்கள் அழிவார்கள். குழந்தைகள் விரும்பி விளையாடினார்கள். இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 1987-இல் கலிபோர்னியாவின் சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ் வெளியிட்ட ‘மேவிஸ் பீக்கன் டீச்சஸ் டைப்பிங்’. உறையில் கறுப்பினப் பெண்மணி ஒருவர் கம்பீரமாக நின்றார். அவரைப் புகழ்பெற்ற தட்டச்சு ஆசிரியை என்றே பல்லாயிரவர் நம்பினர். உண்மையில் மேவிஸ் பீக்கன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. படத்தில் இருந்தவர் ஹைத்தி நாட்டில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக் கடையொன்றில் வாசனைப் பொருள் விற்றுக்கொண்டிருந்தவர். அவரைத் தேடிச் செல்லும் ஆவணப்படம் ஒன்றுகூட 2024-இல் வெளியாயிற்று. ஆசிரியர் இல்லாத இடத்தில் மக்கள் ஓர் ஆசிரியரின் முகத்தை வேண்டினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாஸ்க்கின் பொறிக்கு முகமே இல்லை. மங்கி ஒளிரும் விளக்குகள்தாம் இருந்தன. எனக்கு என்னவோ, அவற்றில் ஆசிரியத் தன்மை இன்னும் கூடுதலாக இருந்தது போலத் தோன்றுகிறது.

நம் ஊர் தட்டச்சுப் பயிலகத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏ, எஸ், டி, எஃப் என்று மாதக்கணக்கில் ஒரே வரியை அடித்து, லோயர், ஹையர் என்று தேர்வெழுதிய லட்சக்கணக்கானோரில் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அங்கே பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். விசைக்கு விசை நேரம் அளப்பாரும் இல்லை. ஆனால் நிரலுக்கு வாய்க்காத ஒன்று அங்கே இருந்தது. மாஸ்டர் பின்னால் நடந்து வருவார். நம் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். குனிந்து விசையைப் பார்த்தால் தலையில் செல்லமாக ஒரு தட்டு!

நிரலின் கடிகாரம் விரலை மட்டுமே அறியும், கண்ணை அறியாது. இது சிறிய குறையா, பெரிய குறையா? பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக் கழகத்தார் 2016-இல் 30 பேரின் விரல் அசைவுகளையும் பார்வையையும் நுட்பமாகப் பதிந்து ஆராய்ந்தனர். முறையாகப் பயிலாதவர்களில் சிலர், குறைந்த விரல்களைக் கொண்டே, பயின்றவர்களுக்குச் சமமான வேகத்தில் அடித்தார்கள். பத்து விரல் மந்திரம் பொய்த்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் பயிலாதவர்களின் கண்கள் அடிக்கடி விசைகளின் மேல் போய் விழுந்தன. பயின்றவர்களின் கண்கள் பெரும்பாலும் திரையிலேயே இருந்தன. சின்சினாட்டியில் டிராபின் வேகத்தை 83-இலிருந்து 71-க்கு இறக்கியது எதுவோ, அதுதான் இங்கும் இருவரையும் பிரிக்கிறது.

ஆகவே நிரல் ஒன்றைக் கொண்டு பயில விரும்பும் வாசகர் ஒருவேலையைத் தாமே செய்துகொள்ள வேண்டும். மெல்லிய துணி ஒன்றை இரு கைகளின் மேலும் விசைப்பலகையின் மேலும் போர்த்திவிட்டு அமருங்கள். முதல் வாரம் நிரல் காட்டும் எண் வெட்கப்படும் அளவுக்குக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே நேரம் காட்டும் நிரலாக இருந்தால் மொத்த வேகத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய எழுத்துகளே நெடுநேரம் பின்தங்கி நிற்கும்.